தாத்தா பாட்டி, குழந்தைகளோடு டிஸ்னி வேர்ல்ட்: எதை முதலில் செய்வது, எப்படிச் சுற்றுவது

ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கும்போது ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவுக்குப் போய்வருவது அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. நாங்கள் மூன்று முறை போனோம். நண்பர்கள் சிலருக்கும் உட்கார்ந்து திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

முதல்முறை போகிறவர்கள் சிரமப்படுவதற்கு இரண்டு காரணங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்வது ஒன்று. ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகிற நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவது இன்னொன்று. டிஸ்னி வேர்ல்ட் ஒரே பார்க் இல்லை. மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு தனித்தனி பார்க்குகள், சுமார் 25,000 ஏக்கரில் பரவிக் கிடக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பெரும்பாலும் வண்டியில்தான் போக வேண்டும்.

கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். ஒவ்வொன்றும் அதற்கு முந்தையதை நம்பி இருக்கிறது.

1. டிக்கெட்டுக்கு முன்னால் தேதி

டிக்கெட் விலை தேதிக்குத் தேதி மாறும். அதனால் தேதி முடிவாகாமல் விலை பார்ப்பதில் பயனில்லை.

கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, ஈஸ்டரை ஒட்டிய வாரங்கள், பிப்ரவரியில் வரும் அதிபர்கள் தின வார இறுதி, இவை மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். பெற்றோர் பெரும்பாலும் கோடையில்தான் வருகிறார்கள் என்றால், ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் கூட்டம் குறைவான நாட்கள். ஆனால் வெயிலும் புழுக்கமும் கடுமையாக இருக்கும்; பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம் என்பதால், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் பதிவு செய்யுங்கள்.

பெற்றோர் இந்தியாவிலிருந்து இறங்கிய முதல் வாரத்தில் கிளம்பாதீர்கள். பத்து நாளாவது போகட்டும். பகல் 3 மணிக்குக் கண் சொருகும் பெரியவர்களை வெயிலில் வரிசையில் நிற்க வைப்பது கொடுமை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை சில இரவுகளில் மேஜிக் கிங்டமில் தனி டிக்கெட் வாங்கிப் போகும் ஹாலோவீன், கிறிஸ்துமஸ் கொண்டாட்டங்கள் நடக்கும். அன்று சாதாரண டிக்கெட்காரர்கள் மாலை 6 மணிக்கு வெளியேற வேண்டும். இரவு வாணவேடிக்கை அவர்களுக்கு இல்லை. பகலில் மட்டும் இருக்கப் போகிறீர்கள் என்றால் கூட்டம் குறைவான நல்ல நாள் அது. வாணவேடிக்கைதான் முக்கியம் என்றால் அன்றைக்குப் போகக் கூடாது. நாட்காட்டியைப் பார்த்துவிட்டு எந்த நாள் எந்த பார்க் என்று எழுதி வையுங்கள்.

2. வீட்டிலேயே அளந்துவிடுங்கள்

குழந்தைகளின் உயரத்தை, போட்டுக்கொண்டு போகப்போகும் ஷூவோடு, சுவரில் நிற்க வைத்து அளந்து எழுதுங்கள். சில ரைடுகளுக்கு, அதாவது ஏறிப் போகும் விளையாட்டுகளுக்கு, குறைந்தபட்ச உயரம் உண்டு. ஸ்லிங்கி டாக் டேஷ், செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயின் ஆகியவற்றுக்கு 38 அங்குலம் வேண்டும். ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸுக்கு 40. ஃப்ளைட் ஆஃப் பாசேஜுக்கும் ஸ்பேஸ் மவுண்டனுக்கும் 44. ட்ரானுக்கு 48. வாசலில் ஒரு கோல் வைத்து அளப்பார்கள்; அரை அங்குலம் குறைந்தாலும் விடமாட்டார்கள். இதை முதலிலேயே குழந்தையிடம் சொல்லிவிட்டால் அங்கே அழுகை இருக்காது.

பெரியவர்களுக்கு நடைதான் அளவு. ஒரு நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் நடப்பது இங்கே சாதாரணம். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே தினமும் மாலை நடக்கச் சொல்லுங்கள். புது ஷூ வாங்கினால் அந்த மூன்று வாரமும் அதையே போடட்டும். ஊரில் போட்ட செருப்போடு வந்து, இரண்டாம் நாளே காலில் கொப்புளத்தோடு அறையில் உட்கார்ந்துவிட்ட பெரியவர்களை எனக்குத் தெரியும்.

"எனக்கு எதுக்கு வீல்சேர், நான் நல்லாத்தான் நடக்கிறேன்" என்று அம்மா சொன்னார். மதியம் 2 மணிக்கு அவரே கேட்டார். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு முதல் நாளிலிருந்தே ஏற்பாடு செய்துவிடுங்கள். பார்க்கின் உள்ளே வாடகைக்கு எடுக்கும் வீல்சேர் அந்த பார்க்குக்குள் மட்டும்தான். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வாசல் வரை உள்ள தூரத்துக்கு உதவாது. அதனால் ஓட்டலுக்கே கொண்டுவந்து தரும் வெளி வாடகைக் கடைகளில் எடுப்பதுதான் வசதி. குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகும் ஸ்ட்ரோலருக்கும் இதே கணக்கு. 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்கு மேற்பட்ட ஸ்ட்ரோலரை உள்ளே விடமாட்டார்கள்.

வீல்சேர் இருந்தால் வரிசையில் முன்னால் விடுவார்கள் என்று பலர் நம்பிப் போகிறார்கள். அப்படி இல்லை. பெரும்பாலான வரிசைகள் வீல்சேர் போகும்படி அமைக்கப்பட்டவை. எல்லோரோடும் சேர்ந்துதான் காத்திருக்க வேண்டும்.

3. தங்குமிடம்: உள்ளேயா, வெளியேயா

மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான். டிஸ்னியின் சொந்த ஓட்டல்களில் தங்கினால் எல்லாப் பார்க்குகளுக்கும் தினமும் 30 நிமிடம் முன்னதாக உள்ளே போகலாம். பார்க் வாசலில் வண்டி நிறுத்தக் கட்டணம் இல்லை. இலவச பஸ் உண்டு. வரிசையைக் குறைக்கும் லைட்னிங் லேனை 7 நாள் முன்பே பதிவு செய்யலாம். வெளியே தங்குகிறவர்களுக்கு 3 நாள்தான்.

ஆனால் விலை குறைந்த டிஸ்னி ஓட்டல்களில் சாதாரண அறைக்கு 4 பேர்தான். ஆறு பேர் என்றால் இரண்டு அறை, இல்லையென்றால் ஆர்ட் ஆஃப் அனிமேஷன், ஆல்-ஸ்டார் மியூசிக் போன்றவற்றில் உள்ள குடும்ப சூட். அறையில் சமைக்க வழியில்லை.

என் கருத்து இது. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், கையில் கார் இல்லை என்றால் பாப் செஞ்சுரி ஓட்டல் நல்லது. காரணம் கீழே 7-ஆவது பகுதியில் இருக்கிறது. ஆறேழு பேர், அதில் சைவம் சாப்பிடும் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றால், பக்கத்து ஊரான கிசிமியில் சமையலறையோடு வாடகை வீடு எடுங்கள். அரிசி, பருப்பு, ஒரு சின்ன குக்கர் போதும். காலையில் வீட்டுக் காபி குடித்துவிட்டுக் கிளம்புகிற அப்பாவின் முகமே வேறு.

4. விமான நிலையத்திலிருந்து

ஆர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து டிஸ்னிக்கு முன்பு ஓடிய இலவச பஸ் 2022 ஜனவரியோடு நின்றுவிட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அதை எதிர்பார்த்து இறங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போது கட்டண ஷட்டில், டாக்ஸி, வாடகைக் கார் இவைதான்.

ஃபுளோரிடா சட்டப்படி 5 வயது வரையுள்ள குழந்தைக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம். 3 வயது வரை முழு கார் சீட்டே வேண்டும். ஆகவே டாக்ஸி என்றால் சீட்டை நீங்களே கொண்டுபோக வேண்டும். டிஸ்னி பஸ்களுக்கு இது தேவையில்லை.

வாடகைக் கார் எடுத்தால் 417, 528 சாலைகளில் சுங்கம் உண்டு. கார் நிறுவனத்தின் சுங்கத் திட்டத்தில் சேரும் முன் அதற்கு நாள் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். சுங்கத்தைவிட அந்தக் கட்டணம் அதிகமாகிவிட்ட ரசீதை நான் கட்டியிருக்கிறேன்.

5. டிக்கெட்

3 வயதுக்குக் கீழ் டிக்கெட் வேண்டாம். 3 முதல் 9 வரை குழந்தை, 10 ஆனால் பெரியவர். முதியோர் சலுகை கிடையாது.

நாட்கள் கூடக்கூட ஒரு நாளைக்கான விலை குறையும். ஆனால் நான்கு பார்க்கையும் அடுத்தடுத்த நான்கு நாளில் முடிக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். இரண்டு நாள் பார்க், ஒரு நாள் ஓய்வு, மறுபடி இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல நாள் டிக்கெட்டைப் பயன்படுத்த நடுவில் இடைவெளி இருக்கும். எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது வாங்கும்போதே தெரியும்.

ஒரே நாளில் பார்க் மாறிக்கொள்ள உதவும் ஹாப்பர் டிக்கெட் பெரியவர்களோடு போகிறவர்களுக்குத் தேவையில்லை. ஒரு பார்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் போக வாசலுக்கு நடப்பது, பஸ்ஸுக்குக் காத்திருப்பது, மறுபடி பரிசோதனை எல்லாம் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம் ஓடிவிடும். அந்தப் பணத்தை லைட்னிங் லேனில் போடுங்கள்.

ஆர்லாண்டோவிலேயே பார்க்குகள் வைத்திருக்கும் யூனிவர்சல் முற்றிலும் வேறு நிறுவனம், வேறு டிக்கெட். 2025 மே மாதம் திறந்த எபிக் யூனிவர்ஸ் பார்க்கும் அவர்களுடையதுதான்.

6. ஆப், அப்புறம் லைட்னிங் லேன்

மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் ஆப்பில் ஒருவருடைய கணக்கிலேயே எல்லோருடைய பெயரையும் சேர்த்து, டிக்கெட்டுகளை இணையுங்கள். இதை வீட்டில் செய்யுங்கள். வாசலில் நின்றுகொண்டு தாத்தாவின் டிக்கெட்டைத் தேடும் குடும்பத்தைப் பார்க்காத நாளே இல்லை. நுழைவாயிலில் விரல் ரேகையும் எடுப்பார்கள்; வயதானவர்களுக்கு ரேகை சரியாக விழாமல் போவதுண்டு. புகைப்பட அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்பது காசு கொடுத்துக் குறுகிய வரிசையில் போவது. ஒரு நாளைக்கு மூன்று ரைடுகளுக்கு முன்கூட்டியே நேரம் எடுக்கலாம். அனிமல் கிங்டம் தவிர மற்ற இடங்களில் அந்த மூன்றில் ஒன்றுதான் பெரிய ரைடுகளின் பட்டியலிலிருந்து. ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ், ஃப்ளைட் ஆஃப் பாசேஜ் போன்ற சில இதில் சேராது. அவற்றுக்குத் தனியாக சிங்கிள் பாஸ் வாங்க வேண்டும்.

பதிவு தொடங்குவது ஆர்லாண்டோ நேரப்படி காலை 7 மணி. டெக்சாஸில் 6 மணி, கலிஃபோர்னியாவில் விடியற்காலை 4 மணி. இந்தியாவிலிருந்து செய்தால் கோடையில் மாலை 4.30, குளிர்காலத்தில் 5.30. பணம் கட்டும் அட்டையின் விவரத்தை முதல் நாளே ஆப்பில் ஏற்றி வையுங்கள்.

மூன்றையும் மாலை நேரத்துக்கு எடுப்பதுதான் பொதுவான பிழை. ஒன்றைப் பயன்படுத்திய பிறகுதான் நான்காவது எடுக்க முடியும். ஆகவே ஒன்றையாவது காலை 10 மணிக்குப் பக்கத்தில் வையுங்கள். அதில் ஏறப்போகும்போதே அடுத்ததை எடுத்துவிடலாம். திறந்த முதல் ஒரு மணி நேரத்துக்குப் பாஸ் வேண்டாம். அப்போது சாதாரண வரிசையே குறைவு.

உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட இடம் வேண்டுமென்றால் அதற்கு 60 நாள் முன்பே பதிவு திறக்கும்.

7. சுற்றிப் போவது: இங்கேதான் காலை நேரம் கரையும்

முதல்முறை நாங்கள் மேஜிக் கிங்டமுக்கு டாக்ஸியில் போனோம். 9 மணிக்குத் திறக்கிறது, 8.40-க்கு இறங்கிவிட்டோம், சரியாக வந்தாயிற்று என்று நினைத்தோம். "கோட்டை எங்கேடா?" என்று அம்மா கேட்டார். அது தூரத்தில், ஏரிக்கு அந்தப் பக்கம் நின்றது. உள்ளே நுழையும்போது மணி 9.50.

விஷயம் இதுதான். காரோ டாக்ஸியோ வெளி ஓட்டல் ஷட்டிலோ, எதில் வந்தாலும் மேஜிக் கிங்டம் வாசலில் இறக்கிவிட மாட்டார்கள். டிரான்ஸ்போர்டேஷன் அண்ட் டிக்கெட் சென்டர் என்ற இடத்தில் இறங்கி, பை பரிசோதனை முடித்து, அங்கிருந்து மோனோரயிலிலோ பெரிய படகிலோ ஏரியைக் கடக்க வேண்டும். ஆகவே இந்த ஒரு பார்க்குக்கு மட்டும், திறக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். மற்ற மூன்றுக்கும் நிறுத்துமிடம் வாசலுக்குப் பக்கத்திலேயே. 40 நிமிடம் முன்னால் போனால் போதும். டிஸ்னி ஓட்டல் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவை மேஜிக் கிங்டம் வாசல் அருகிலேயே விடும்.

மோனோரயிலா படகா என்றால், ஸ்ட்ரோலரும் வீல்சேரும் இருப்பவர்கள் படகில் போங்கள். இடம் தாராளம், சரிவுப் பாதையும் குறைவு.

பஸ்ஸுக்கு 20 நிமிடம் வரை காத்திருக்கும்படி வரலாம். ஏறும் முன் ஸ்ட்ரோலரை மடக்க வேண்டும். வண்டி வருவது தெரிந்ததும் குழந்தையை ஒருவர் தூக்கிக்கொள்ள, இன்னொருவர் மடக்க வேண்டும். யார் எது என்று முன்பே பேசி வையுங்கள்.

ஸ்கைலைனர் 2019-இல் வந்த கேபிள் கார். பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன், கரீபியன் பீச், ரிவியரா ஓட்டல்களை எப்காட்டோடும் ஹாலிவுட் ஸ்டூடியோஸோடும் இணைக்கிறது. ஸ்ட்ரோலரை மடக்காமல் அப்படியே தள்ளிக்கொண்டு ஏறலாம். பெட்டிகள் வந்துகொண்டே இருப்பதால் காத்திருப்பும் குறைவு. பாப் செஞ்சுரியைச் சொன்னது இதற்காகத்தான். ஆனால் ஏ.சி. கிடையாது, இடி மின்னல் வந்தால் நிறுத்திவிடுவார்கள். வானம் கறுத்தால் பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிடுங்கள்.

எப்காட்டுக்கு இரண்டு வாசல். கார், பஸ், மோனோரயில் முன்வாசலுக்கு வரும். ஸ்கைலைனரும் படகும் பின்வாசலுக்கு வரும். குடும்பம் இரண்டாகப் பிரிந்து வந்தால் "வாசலில் நிற்கிறேன்" என்று சொல்லாதீர்கள். எந்த வாசல் என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே நல்ல தூரம்.

அனிமல் கிங்டமுக்கு பஸ், கார் தவிர வேறு வழியில்லை. ஒரு டிஸ்னி ஓட்டலிலிருந்து இன்னோர் ஓட்டலுக்கு நேர் பஸ்ஸும் கிடையாது; ஏதாவது ஒரு பார்க் வழியாக மாறிப் போக வேண்டும், அல்லது டாக்ஸி.

8. சாப்பாடு

வெளியிலிருந்து உணவு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, சூடுபடுத்த வேண்டியதாக இருக்கக் கூடாது, கடும் வாசனை கூடாது. புளியோதரை, எலுமிச்சை சாதம், பொடி தடவிய இட்லி, சப்பாத்தி எல்லாம் சரிப்படும். மாங்காய் ஊறுகாயை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இட்லியில் பொடியும் நல்லெண்ணெயும் காலையிலேயே தடவி, இரண்டிரண்டாக அலுமினியத் தாளில் சுற்றி வைத்தால் வரிசையில் நின்றபடியே சாப்பிடலாம். பரிசோதனையில் பையைத் திறப்பார்கள், அதனால் உணவுப் பை மேலே இருக்கட்டும்.

தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். குளிர்பான இயந்திரம் உள்ள உணவுக் கவுன்டர்களில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசமாகத் தருவார்கள். ஆறு பேருக்கும் கேட்கலாம்.

இங்கே வெஜிடேரியன் என்றால் முட்டை, சீஸ் இருக்கலாம். சூப்பில் கோழிச் சாறு இருக்கிறதா என்று கேட்டே வாங்குங்கள். மெனுவில் இலைக் குறி போட்டிருந்தால் மாமிசம், முட்டை, பால், தேன் எதுவும் சேர்க்காதது என்று பொருள். அனிமல் கிங்டமில் சாட்டுலி கேன்டீனில் டோஃபு வைத்த சாதக் கிண்ணம் பெரியவர்களுக்கும் பிடிக்கும். அனிமல் கிங்டம் லாட்ஜ் ஓட்டலில் உள்ள சனா உணவகத்தில் நான் ரொட்டி வகைகளும் பலவிதத் தொட்டுக்கைகளும் ஒரே தட்டில் வரும். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும். அதற்கு பார்க் டிக்கெட் வேண்டாம். ஓய்வு நாளில் அங்கே கூட்டிப்போங்கள்.

ஒவ்வொரு பார்க்கிலும் முதலுதவி மையம் உண்டு. இன்சுலின் போன்ற மருந்தைக் குளிரில் வைத்துத் தருவார்கள். குழந்தைப் பராமரிப்பு மையத்தில் பால் கொடுக்கத் தனி அறையும், குழந்தை உணவைச் சூடாக்கும் வசதியும் இருக்கிறது.

9. பார்க்குக்குள் ஒரு நாள்

காலையில் நீண்ட வரிசை வரும் ரைடுக்கு நேரே போங்கள். வழியில் கடை, புகைப்படம் எதற்கும் நிற்க வேண்டாம். அவை பகல் முழுக்க அங்கேயே இருக்கும். 12 மணிக்குமேல் ஏ.சி. உள்ள காட்சிகள். 1 மணியிலிருந்து 4 மணி வரை அறைக்குப் போய்த் தூங்குங்கள். இதைத்தான் யாரும் கேட்பதில்லை. "இவ்வளவு காசு கொடுத்து வந்துவிட்டுத் தூங்குவதா" என்பார்கள். தூங்கி எழுந்த குழந்தை இரவு வாணவேடிக்கையைப் பார்க்கும். தூங்காத குழந்தை 6 மணிக்கு அழ ஆரம்பித்து எல்லோரையும் கிளப்பிவிடும். வெளியில் தங்கியிருந்து தூரம் என்றால், நிழலில் ஸ்ட்ரோலரைச் சாய்த்து ஒரு மணி நேரமாவது ஓய்வு கொடுங்கள்.

உயரம் போதாத குழந்தை இருந்தால் ரைடர் ஸ்விட்ச் கேளுங்கள். ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்க, மற்றவர் வரிசையில் நின்று போய்வருவார். பிறகு வெளியே இருந்தவர் நீண்ட வரிசையில் நிற்காமல் போகலாம். குழந்தை உட்பட எல்லோரும் ரைடு வாசலில் சேர்ந்து நின்று, முதல் ஆள் உள்ளே போகும் முன்பே ஊழியரிடம் சொல்ல வேண்டும். போய் வந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

பாட்டி இருக்கிறாரே, குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு பெஞ்சில் ஒரு மணி நேரம், பிறகு இன்னொரு பெஞ்சில் ஒரு மணி நேரம் என்று அவருடைய விடுமுறை போய்விடும். அவர்களுக்கென்று ரைடுகள் இருக்கின்றன. எப்காட்டில் லிவிங் வித் தி லேண்ட் என்று மெதுவாகப் போகும் படகு. மண்ணே இல்லாமல் காய்கறி வளர்ப்பதையும் மீன் வளர்ப்பையும் தாண்டிப் போகும். ஊரில் நிலம் பார்த்த அப்பா அதில் இரண்டு முறை போனார். படகிலிருந்து எட்டிப் பார்த்து, வேருக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது என்று எனக்குக் காட்டினார். மூன்று நாளில் அவர் அவ்வளவு பேசியது அங்கேதான்.

மேஜிக் கிங்டமில் பீப்பிள்மூவர், இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட். அனிமல் கிங்டமில் லயன் கிங் காட்சியும் புலிகள் உள்ள மகாராஜா ஜங்கிள் ட்ரெக்கும் அவர்களுக்கு ஏற்றவை. கிளிமஞ்சாரோ சஃபாரி நல்லதுதான், ஆனால் வண்டி குலுக்கும். இடுப்பு வலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். சில ரைடுகளில் நகரும் பெல்ட்டில் கால் வைத்து ஏற வேண்டியிருக்கும். வாசலில் நிற்கும் ஊழியரிடம் முன்கூட்டியே சொன்னால், முடிந்த இடங்களில் வேகத்தைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். புடவை கட்டியிருந்தால் முந்தானையை இடுப்பில் செருகியே ஏறச் சொல்லுங்கள். துப்பட்டா பைக்குள் போகட்டும்.

10. இரவில் திரும்புவது

மேஜிக் கிங்டமில் வாணவேடிக்கை முடிந்த அடுத்த நிமிடம் மொத்தக் கூட்டமும் வாசலை நோக்கித் திரும்பும். அதில் சேராதீர்கள். முன்வாசல் தெருவில் கடைகள் இன்னும் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். பெரியவர்களை உட்கார வைத்து, கழிப்பறை முடித்து, அரைமணி கழித்துக் கிளம்புங்கள். ஏரியைத் திரும்பக் கடக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த நேரத்தில் மோனோரயில் வரிசை நீளமாக இருந்தால் படகுக்குப் போங்கள், ஒரே நடையில் நிறையப் பேரை ஏற்றும்.

காலையில் காரை நிறுத்தியதுமே பலகையைப் படம் எடுத்து வையுங்கள். மேஜிக் கிங்டம் நிறுத்துமிடம் நாயகர்கள், வில்லன்கள் என்று இரண்டு பிரிவு. ஒவ்வொன்றிலும் கதாபாத்திரங்களின் பெயரில் பகுதிகள், அதற்குள் வரிசை எண். தோளில் தூங்கும் குழந்தையோடு இரவு 11 மணிக்கு வரும்போது சிம்பாவா ஸ்காரா என்று யாருக்கும் நினைவிருக்காது. எடுத்த படத்தைக் குடும்பக் குழுவில் அப்போதே போட்டுவிடுங்கள், உங்கள் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தாலும் இன்னொருவரிடம் இருக்கும்.